ட்ரைபொட் பிளேட்டா, எல் பிரக்கெட்டா? மலையகத்தில் படம் எடுப்பவர்கள் எதை வாங்கலாம்

ட்ரைபொட் வாங்கும்போது கால்களை இழுத்துப் பார்க்கிறோம், எடையைக் கேட்கிறோம், எத்தனை கிலோ தாங்கும் என்று பெட்டியைப் படிக்கிறோம். கமராவின் அடியில் பூட்டும் அந்தச் சின்ன பிளேட்டைக் கையில் எடுத்துப் பார்ப்பவர்கள் குறைவு. ஆனால் எனக்கு வரும் கேள்விகளில் பெரும்பகுதி அதில் போய்த்தான் முடிகிறது. “அண்ணா, கால் அசையவே இல்லை, ஆனால் டெவோன் நீர்வீழ்ச்சியைச் செங்குத்தாக எடுத்தால் மட்டும் படம் தெளிவில்லாமல் வருகிறது” என்று ஒருவர் கேட்கிறார். “எல் பிரக்கெட் போட்டால் சரியாகுமா, அவ்வளவு காசு கொடுக்கத்தான் வேண்டுமா” என்று இன்னொருவர். (எல் பிரக்கெட் என்பது கமராவின் அடியோடு பக்கத்தையும் அணைக்கும் எல் எழுத்து வடிவப் பிளேட்.) ஹட்டனிலிருந்து ஒரு கல்யாணப் படப்பிடிப்பாளர் கேட்பதும், பண்டாரவளையிலிருந்து பறவை படம் எடுக்கும் ஒரு தம்பி கேட்பதும் ஒரே கேள்வி போலத் தெரியும். இருவருக்கும் ஒரே பதில் பொருந்தாது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தப் பிளேட் என்பதை விட, ட்ரைபொட் தலையில் பிளேட்டைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப் எந்த வகை என்பதை முதலில் தீர்மானியுங்கள். வீட்டில் உள்ள எல்லாம் ஒரே வகைக் கிளாம்பில் உட்கார வேண்டும். அது ஆர்க்கா வகையாக, அதாவது இன்று பல கம்பனிகள் செய்யும் பொது வடிவமாக, இருப்பது நல்லது. எல் பிரக்கெட் அதற்குப் பிறகு வரும் கேள்வி, அதுவும் எல்லாருக்கும் வேண்டியதில்லை.

## எதை வைத்து எடைபோடுவது

முதலாவது, கமரா பிளேட்டின் மேல் திரும்பக்கூடாது. மற்ற எல்லாவற்றையும் விட இதுதான் முக்கியம் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கமராவைப் பிடித்திருப்பது ஒரே ஒரு திருகாணி. கால் அங்குல விட்டம், அங்குலத்துக்கு 20 புரி. உலகம் முழுக்க ஏறத்தாழ எல்லாக் கமராவுக்கும் இதே அளவுதான். கமரா நேராக நிற்கும்வரை அதன் எடை பிளேட்டை அழுத்துகிறது, சிக்கல் இல்லை. போல் ஹெட்டின், அதாவது ஓர் உருண்டையின் மேல் எந்தப் பக்கமும் சாயும் தலையின், பக்கப் பள்ளத்தில் கமராவைச் சாய்த்துச் செங்குத்தாக்கினால் நிலைமை மாறுகிறது. இப்போது எடை முழுவதும் பக்கவாட்டில் தொங்குகிறது. முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் லென்ஸ் கீழே இழுக்கிறது. அந்த இழுப்பு கமராவைத் திருகாணியைச் சுற்றித் திருப்பப் பார்க்கிறது. தடுப்பது பிளேட்டின் மேலுள்ள ரப்பரின் பிடி மட்டும்தான்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ஷட்டர் பொத்தான் மேல்பக்கம் வரும்படி சாய்த்தால், லென்ஸின் எடை கமராவைத் திருகாணியிலிருந்து கழலும் திசையில் திருப்பும். பொத்தான் கீழ்ப்பக்கம் வரும்படி சாய்த்தால் இறுகும் திசையில் திருப்பும். கையில் இருப்பது சாதாரணப் பிளேட்தான் என்றால், இன்றைக்கே காசில்லாமல் செய்யக்கூடிய திருத்தம் இது. வைத்திருக்கும் விதம் கொஞ்சம் வசதிக்குறைவாக இருக்கும், ஆனால் ஷட்டரை இரண்டு வினாடி திறந்து வைக்கும் எக்ஸ்போஷரில் வித்தியாசம் தெரியும்.

இரண்டாவது, செங்குத்துச் சட்டகத்துக்கும் கிடைச் சட்டகத்துக்கும் இடையே மாறும் வேகம். ஹோர்ட்டன் சமவெளியில் காலை 6 மணிக்குத்தான் நுழைவு தொடங்குகிறது. அங்குள்ள உலக முடிவு என்ற மலைவிளிம்பை அடைந்து, 9, 10 மணிக்குள் கீழிருந்து முகில் ஏறி மூடுவதற்கு முன் எடுத்து முடிக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் சாய்த்து, காலைத் தள்ளி, மறுபடி சட்டகத்தை ஒழுங்கு செய்துகொண்டிருந்தால் அந்த நேரம் அங்கேயே கரைந்துவிடும்.

மூன்றாவது, ஈரமும் குளிரும் காற்றும். ஜனவரி, பெப்ரவரி விடியற்காலைகளில் நுவரெலியாவில் புல்மேல் உறைபனி படியும் நாட்கள் உண்டு. விறைத்த விரலால் சின்னத் திருகைத் திருப்ப முடியுமா என்பது அங்கே உண்மையான கேள்வி. மேற்குச் சரிவில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அதே மாதங்களில் ஊவாப் பக்கம் மழை குறைந்து, காய்ந்த கச்சான் காற்று வீசும். ஹப்புத்தளை முகட்டில் அந்தக் காற்றில் ட்ரைபொட்டை நிறுத்தியவர்களுக்கு, பக்கவாட்டில் தொங்கும் கமரா எப்படி ஆடும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

நான்காவது எடை. ஐந்தாவது, உடைந்தால் அல்லது தொலைந்தால் மாற்று எங்கே கிடைக்கும் என்பது. கொழும்பில் இருப்பவருக்கு இந்த ஐந்தாவது பெரிய விடயமாகத் தெரியாது. மஸ்கெலியாவில் இருப்பவருக்கு அதுவே முதலாவதாக இருக்கலாம்.

## ட்ரைபொட்டோடு வந்த சொந்தப் பிளேட்

விலை குறைந்த ட்ரைபொட்களில் பெரும்பாலும் அந்தக் கம்பனிக்கே உரிய வடிவத்தில், பல நேரம் பிளாஸ்டிக்கில், ஒரு பிளேட் இருக்கும். சின்னக் கமராவுக்கும் கைப்பேசிக்கும் அது போதும். தனியாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை என்பதுதான் அதன் பலம்.

மறைந்திருக்கும் செலவு வேறு. அந்தப் பிளேட் தொலைந்தால் ட்ரைபொட் முழுவதும் பயனற்றுப் போகிறது. அதே வடிவத்தில் தனிப் பிளேட் வாங்கலாம் என்று தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. கிடைத்தாலும் ஒன்றின் விலையும் அனுப்பும் செலவும் சேர்ந்து, ட்ரைபொட்டின் விலையில் நல்ல பங்காகிவிடும். பிளாஸ்டிக் பிளேட் இறுக்க இறுக்க வளைவதால், எவ்வளவு இறுக்கினாலும் கமரா கொஞ்சம் ஆடும்.

வீட்டுக்குள், லயத்து வாசலில், பிள்ளைகளின் பிறந்தநாளுக்குப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் இதை மாற்றத் தேவையே இல்லை. பிளேட்டைக் கமராவிலிருந்து கழற்றியதும் கால்சட்டைப் பையில் போடாமல், உடனே ட்ரைபொட்டிலேயே திரும்பப் பூட்டி வையுங்கள். தொலைவதெல்லாம் பையிலிருந்துதான்.

## மன்ஃப்ரொட்டோ ஆர்.சி 2

பழைய ஸ்டூடியோக்களிலும் கல்யாண வீடுகளிலும் இதை இன்னும் நிறையப் பார்க்கலாம். பிளேட்டை வைத்து அழுத்தினால் நெம்பு தானாக மூடிக்கொள்ளும். கீழே பார்க்கவே வேண்டாம். தாலி கட்டும் நேரத்தில் கமராவைக் கையில் எடுத்து, அடுத்த நிமிடம் ட்ரைபொட்டில் திரும்ப வைக்க வேண்டியவர்களுக்கு இந்த வேகம் பெரிய வசதி. நெம்பு தற்செயலாகத் திறக்காமல் இருக்க இரண்டாவது பூட்டும் உண்டு.

குறை என்னவென்றால், பிளேட் உட்கார்ந்த பிறகும் மிகச் சிறிய ஆட்டம் மிஞ்சும். பயன்படுத்தித் தேய்ந்த தலைகளில் அது கூடும். 50 மில்லிமீற்றர் லென்ஸில் கண்ணுக்குத் தெரியாது, 200 மில்லிமீற்றரில் தெரியும். பிளேட்டை முன்னும் பின்னும் நகர்த்தவும் முடியாது, அதனால் கனமான லென்ஸை எடைச் சமநிலையில் வைக்க வழியில்லை. இந்த வகைக்கு எல் பிரக்கெட்டும் எளிதில் கிடைக்காது.

ஏற்கெனவே ஆர்.சி 2 தலை வைத்திருப்பவர்கள் அதைத் தூக்கிப் போட வேண்டாம். ஆர்.சி 2 தலையிலும் ஆர்க்கா கிளாம்பிலும் உட்காரும் இரட்டை வடிவப் பிளேட்டை மன்ஃப்ரொட்டோவே விற்கிறது. மெதுவாக மாற நினைப்பவர்களுக்கு அது நல்ல பாலம். புதிதாகத் தொடங்குபவர்கள் இதற்குள் நுழையத் தேவையில்லை.

## ஆர்க்கா வகைப் பொதுப் பிளேட்

ஆர்க்கா சுவிஸ் கம்பனி தொடங்கி வைத்த வடிவம் இது. சுமார் 38 மில்லிமீற்றர் அகலம், இரண்டு ஓரமும் 45 பாகையில் உள்ளே சாய்ந்திருக்கும். கிளாம்பின் இரு தாடைகளும் அந்தச் சாய்வைக் கவ்விப் பிடிக்கின்றன. இன்று எண்ணற்ற கம்பனிகள் இதே வடிவத்தைச் செய்வதால் பிளேட் மலிவு, எந்த இணையக் கடையிலும் கிடைக்கும், இரண்டு மூன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம். என் ஐந்தாவது அளவுகோலுக்கு இதைவிட நல்ல விடை வேறில்லை.

ஆனால் இது எழுதி வைத்த தரநிலை இல்லை, ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்த வழக்கம். அதனால் கம்பனிக்குக் கம்பனி அகலத்தில் நூலளவு வித்தியாசம் வரும். இங்கேதான் கிளாம்பின் வகை முக்கியமாகிறது. திருகிப் பூட்டும் கிளாம்ப் இந்த வித்தியாசங்களைத் தாங்கிக்கொள்ளும், எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு இறுக்கலாம். நெம்பு கிளாம்ப் வேகமானது, ஆனால் குறிப்பிட்ட ஓர் அகலத்துக்கே சரியாகப் பூட்டும். கொஞ்சம் ஒடுங்கிய பிளேட்டை வைத்தால் நெம்பு மூடியது போலத் தோன்றும், பிளேட் உள்ளே வழுக்கும். பல கம்பனிகளின் பிளேட்டுகளைக் கலந்து வைத்திருப்பவர்கள் திருகு கிளாம்பையே எடுங்கள். கை விறைத்த காலையிலும் பெரிய குமிழாக இருந்தால் திருப்புவது கஷ்டமில்லை. நெம்பு, தோளில் போட்டு நடக்கும்போது பையின் வாரில் மாட்டித் திறந்துகொள்ளும் அபாயமும் உண்டு.

பொதுப் பிளேட்டின் பலவீனம் நான் முதலில் சொன்ன திரும்பல். தட்டையான ரப்பர், ஒற்றைத் திருகாணி. ரப்பருக்கும் கமராவுக்கும் இடையில் ஈரம் இருந்தால் பிடி இன்னும் குறையும். ஹோர்ட்டன் சமவெளியின் வாசலில் பொலித்தீனை வாங்கி வைத்துவிடுவார்கள், காட்டுக்காக அது சரியான வேலை. எனவே கமராவைப் பொலித்தீன் பையால் மூடிக்கொள்ளும் வழி அங்கே இல்லை. துணி மழையுறை கொண்டுபோகாவிட்டால் பனிமூட்டத்தில் பிளேட்டும் நனையும். புறப்படும் முன்பே, ரப்பரும் கமராவின் அடியும் காய்ந்திருக்கும்போதே பூட்டி இறுக்கிவிட வேண்டும். வழியில் கழற்றிப் பூட்டக்கூடாது.

இந்த வகைக்குள் சதுரப் பிளேட் ஒன்றும் உண்டு. பீக் டிசைன் கம்பனியின் கேப்ச்சர் கிளிப்புக்கான பிளேட் நான்கு பக்கமும் ஆர்க்கா வடிவத்தில் வெட்டப்பட்டது. பையின் தோள்வாரில் கமராவை மாட்டி, இரண்டு கையையும் விட்டு நடக்கலாம். நல்லதண்ணிப் பக்கமிருந்து 5,000க்கும் மேற்பட்ட படி ஏறிச் சிவனொளிபாதமலைக்குப் போகிறவர்களுக்கு இதுதான் பொருத்தம். டிசெம்பர் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரையான பருவத்தில், உச்சியில் சூரிய உதயத்துக்குக் கூடும் சனத்துக்குள் ட்ரைபொட் விரிக்க இடமே இருக்காது. அங்கே பிளேட்டின் வேலை கமராவைத் தோளில் பத்திரமாக வைத்திருப்பது மட்டும்தான். நெம்பு கிளாம்ப் வைத்திருப்பவர்கள் இந்தச் சின்னச் சதுரம் அதில் சரியாகப் பிடிக்கிறதா என்று பொருத்திப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

## கமராவுக்கென்றே செய்த பிளேட்

இது ஆர்க்கா பிளேட்தான். ஆனால் கமராவின் பின்விளிம்பை அணைத்துப் பிடிக்கும் சிறு உதடு இருக்கும். அந்த உதடு இருப்பதால் கமரா திரும்பவே முடியாது. பற்றரி மூடிக்கும் இடம் விட்டுச் செய்திருப்பார்கள். கிடைப் படமே அதிகம் எடுப்பவர்களுக்கு, காசுக்கு இதைவிட நல்ல பயன் வேறு எதிலும் இல்லை என்று நினைக்கிறேன். எல் பிரக்கெட் பற்றிக் கேட்பவர்களில் நிறையப் பேருக்கு உண்மையில் வேண்டியது இதுதான்.

கமராவை மாற்றினால் பிளேட்டும் மாற வேண்டும். இதன் செலவு அது மட்டும்தான்.

## எல் பிரக்கெட்

பிளேட்டின் ஒரு முனையை மேலே மடித்து, கமராவின் இடப்பக்கத்தையும் அணைத்தது போல ஆங்கில எல் எழுத்து வடிவம். அடியிலும் பக்கத்திலும் ஆர்க்கா வெட்டு. செங்குத்தாக எடுக்க வேண்டுமென்றால் போல் ஹெட்டைச் சாய்க்கத் தேவையில்லை. கிளாம்பைத் திறந்து, கமராவைத் திருப்பி, பக்கத்து வெட்டில் பூட்டினால் போதும்.

இதனால் கிடைப்பது மூன்று. கமராவின் எடை எப்போதும் ட்ரைபொட்டின் நடுவிலேயே இருக்கிறது, எனவே காற்றில் நிலைத்து நிற்கும். கமராவின் உயரமும் இடமும் பெரிதாக மாறுவதில்லை. சாய்க்கும்போது கமரா கீழிறங்கிப் பக்கவாட்டில் நகர்ந்துவிடும், முன்னணியில் வைத்த பாறையோ தேயிலைச் செடியோ இடம் மாறிப்போகும். எல் பிரக்கெட்டில் அந்தச் சட்டகம் ஏறத்தாழ அப்படியே இருக்கும். மூன்றாவது, செங்குத்துச் சட்டகங்களை வரிசையாக எடுத்து அகலப்படமாக ஒட்டுபவர்களுக்குக் கமரா தன் இடத்திலேயே நின்று சுழலும். தம்பேதென்னைக்கு மேலே லிப்டன் இருக்கையில் நின்று மலையடுக்கு முழுவதையும் ஒரே படமாக எடுக்க நினைப்பவர்களுக்கு இது பெரிய வித்தியாசம்.

நீர்வீழ்ச்சிக்காரர்களுக்கு நான் தயங்காமல் இதைச் சொல்வேன். சென்கிளயர் அகலமானது, கிடையாகவும் அழகாக வரும். டெவோன், தியலும, பம்பரகந்த எல்லாம் உயர்ந்து மெலிந்தவை. 263 மீற்றர் உயரமான பம்பரகந்தவைக் கிடைச் சட்டகத்தில் வைத்தால் அருவி ஒரு கோடாகிவிடும். அடிவாரத்தில் நின்றால் தெறிக்கும் நீர் வேறு, ஓடும் நீரைப் பட்டுப்போலக் காட்ட அரை வினாடிக்கு மேல் திறந்து வைக்கும் எக்ஸ்போஷர் வேறு. ஈரமும் செங்குத்தும் நீண்ட நேரமும் ஒன்றாகச் சேரும் இடம் அது. சாதாரணப் பிளேட் தோற்பது சரியாக அங்கேதான்.

இனி யாரும் பெரிதாகப் பேசாத செலவுகள்.

விலை, பொதுப் பிளேட்டைப் போலப் பல மடங்கு. அதோடு இது ஒரே ஒரு கமரா மாடலுக்கானது. அடுத்த மாடலில் பொத்தானோ மூடியோ சில மில்லிமீற்றர் நகர்ந்திருந்தாலும் பழையது உதவாது. கமராவை விற்கும்போது பிரக்கெட்டையும் சேர்த்து விற்றுவிடுவதே நல்லது, தனியாக அதைத் தேடி வாங்குவோர் குறைவு. கமராவின் அடியில் பூட்டும் பற்றரி கிரிப் போட்டால் அதற்கு வேறு பிரக்கெட் வேண்டும். எல்லாக் கமராவுக்கும் பொருந்தும் என்று விற்கும் பொது எல் பிரக்கெட்டுகளை வாங்க வேண்டாம். கமராவின் உடலை அணைக்காத பிரக்கெட்டும் ஒற்றைத் திருகாணியில்தான் நிற்கிறது, ஆகவே அதுவும் திரும்பும்.

பிரக்கெட்டின் மேலே மடிந்த பக்கக் கரம் இருக்கும் இடத்தில்தான் பல கமராக்களில் ரிமோட், மைக், எச்.டி.எம்.ஐ துளைகள் உள்ளன. நல்ல பிரக்கெட்டில் இதற்கென வெட்டி விட்டிருப்பார்கள், ஆனால் செங்குத்தாகப் பூட்டியதும் கேபிளின் தலை கிளாம்பில் இடிக்கும். கரத்தைக் கொஞ்சம் வெளியே நகர்த்த முடிகிற வகையா என்று பாருங்கள். பக்கவாட்டில் திறந்து சுழலும் திரை உள்ள கமராவானால், திரை கரத்தில் முட்டுகிறதா என்பதையும் பாருங்கள். முட்டினால் தாழ்வாக வைத்து எடுக்கும்போதெல்லாம் எரிச்சல்தான். கேபிள் இடிப்பதற்குக் கம்பியில்லாத ரிமோட் ஒரு நல்ல மாற்று, இரண்டு வினாடி டைமர் காசில்லாத மாற்று.

எடை சுமார் நூறு கிராம் கூடும். ஒரு நாள் முழுக்கக் கையில் பிடித்து எடுப்பவர்கள் அதை உணர்வார்கள். சிலருக்குப் பிடி பெரிதாகி வசதியாக இருக்கும், சின்னக் கை உள்ளவர்களுக்கு இடைஞ்சல். பக்கக் கரத்தைத் தனியாகக் கழற்றக்கூடிய வகையை வாங்கினால் இரண்டுக்கும் இடம் உண்டு.

எல் பிரக்கெட் வாங்க இப்போது வசதி இல்லை என்றால் இன்னொரு வழியும் இருக்கிறது. 24 மெகாபிக்சல் கமராவில் கிடையாக எடுத்த படம் 6000க்கு 4000. அதிலிருந்து அதே விகிதத்தில் ஒரு செங்குத்துப் படத்தை வெட்டினால் ஏறத்தாழ 2667க்கு 4000, அதாவது பத்து மெகாபிக்சலுக்கு மேல். ஏ4 தாளில் நல்ல தரத்தில் அச்சிட அது போதும். வருடத்தில் ஏதோ சில தடவை செங்குத்தாக எடுப்பவர்கள் அந்தக் காசை மிச்சம் பிடிக்கலாம். பெரிதாக அச்சிட்டு விற்பவர்களுக்கு இது சரிவராது.

## நீள லென்ஸ் வைத்திருப்பவர்கள்

70-200, 100-400, 150-600 மில்லிமீற்றர் போன்ற லென்ஸ்களில் பெரும்பாலும் லென்ஸுக்கே ஒரு காலர், அதாவது அதைச் சுற்றிப் பிடிக்கும் வளையம், இருக்கும். ட்ரைபொட்டில் பூட்ட வேண்டியது அந்தக் காலரின் அடியைத்தான். கமராவின் அடியில் பூட்டினால் முன்பாரம் முழுவதும் கமராவின் லென்ஸ் வளையத்தில் விழும். காலரைத் தளர்த்திக் கமராவைச் செங்குத்தாகச் சுழற்றலாம் என்பதால் இவர்களுக்கு எல் பிரக்கெட்டே தேவையில்லை. நுவரெலியா விக்டோரியா பூங்காவில் குளிர்காலப் பறவைகளைத் தேடுபவர்கள் அந்தக் காசை வேறு எதற்காவது வையுங்கள்.

டாம்ரொன், சிக்மா லென்ஸ்கள் பலவற்றின் காலர் அடி ஆர்க்கா வெட்டோடே வருகிறது. கெனன், நிக்கோன், சோனி லென்ஸ்களில் பெரும்பாலும் அப்படி இல்லை. அவற்றுக்கு ஒரு நீளமான பிளேட் பூட்டலாம், அல்லது அடியையே ஆர்க்கா வெட்டுள்ள ஒன்றாக மாற்றலாம். பிளேட் பூட்டுவதென்றால் இரண்டு திருகாணி உள்ளதையும், அதைவிட முக்கியமாக, முனைகளில் சின்னத் தடுப்புத் திருகு உள்ளதையும் எடுங்கள். கிளாம்ப் கொஞ்சம் தளர்ந்தாலும் லென்ஸ் நழுவி விழாமல் அந்தத் தடுப்பு காக்கும்.

## பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்த்தால்

| வகை | செங்குத்தில் திரும்புமா | மாறும் வேகம் | மாற்று கிடைப்பது | யாருக்கு |
|---|---|---|---|---|
| ட்ரைபொட்டோடு வந்தது | திரும்பும், ஆடவும் செய்யும் | மெதுவு | அரிது | வீட்டுப் பாவனை, கைப்பேசி |
| ஆர்.சி 2 | திரும்பலாம் | கழற்றிப் பூட்ட மிக வேகம், செங்குத்துக்குச் சாய்க்க வேண்டும் | தருவித்தால் கிடைக்கும் | ஏற்கெனவே வைத்திருக்கும் கல்யாணப் படப்பிடிப்பாளர் |
| ஆர்க்கா பொதுப் பிளேட் | திரும்பலாம் | சாய்க்க வேண்டும் | மிக எளிது, மலிவு | தொடங்குபவர், இரண்டு மூன்று கமரா உள்ளவர் |
| கமராவுக்கென்றே ஆனது | திரும்பாது | சாய்க்க வேண்டும் | மாடலைப் பொறுத்து | கிடைப் படம் அதிகம் எடுப்பவர் |
| எல் பிரக்கெட் | திரும்பாது | மிக வேகம் | மாடலைப் பொறுத்து, விலை கூட | நீர்வீழ்ச்சி, மலைக்காட்சி, அகலப்படம் |
| காலருக்கான நீளப் பிளேட் | இரண்டு திருகாணி இருந்தால் திரும்பாது | காலரைச் சுழற்றினால் போதும் | எளிது | பறவை, விலங்கு |

## அப்படியானால் எந்த வரிசையில் வாங்குவது

கையில் உள்ள ட்ரைபொட் நல்லது, தலை மட்டும் பழைய வகை என்றால் முழுத் தலையையும் மாற்ற அவசரப்பட வேண்டாம். பல போல் ஹெட்களில் மேலுள்ள கிளாம்ப் ஒரு திருகாணியில்தான் நிற்கிறது. அதைக் கழற்றி ஆர்க்கா கிளாம்ப் ஒன்றைப் பூட்டலாம். பசை போட்டு இறுக்கியிருந்தால், முடி உலர்த்தும் கருவியால் கொஞ்சம் சூடாக்கினால் இளகும். இது செய்துவிட்டால் மேலே சொன்ன எந்தப் பிளேட்டையும் பின்னால் வாங்கிச் சேர்க்கலாம்.

கல்யாணம், பூப்புனித நீராட்டு விழா, கோயில் திருவிழா எடுப்பவர்களுக்கு: எல்லாக் கமராவுக்கும் ஒரே மாதிரி ஆர்க்கா பிளேட், ஒவ்வொன்றிலும் நிரந்தரமாக. அவசரத்தில் ஒரு கமராவின் பிளேட்டைக் கழற்றி இன்னொன்றுக்குப் பூட்டும் நிலை வரக்கூடாது. வீடியோவுக்கு, கமராவை மென்மையாகத் திருப்பும் ஃபுளுயிட் ஹெட் வைத்திருப்பவர்கள் அதன் நீளப் பிளேட்டை மாற்றத் தேவையில்லை. அதன் மேல் ஒரு சின்ன ஆர்க்கா கிளாம்பைப் பூட்டினால் அதே கமரா இரண்டு ட்ரைபொட்டிலும் உட்காரும். எல்லப் பக்கம் ஒன்பது வளைவுப் பாலத்தில் கல்யாணத்துக்கு முந்திய படப்பிடிப்பு செய்பவர்கள் நேரத்துக்கு வரும் கோச்சியை நம்பி வேலை செய்கிறவர்கள். கோச்சி பாலத்தைக் கடக்கும் நேரத்தில் கிடையும் செங்குத்தும் இரண்டும் வேண்டுமென்றால், ஒரு கமராவுக்காவது எல் பிரக்கெட் இருக்கட்டும்.

இயற்கைக் காட்சி மட்டும் எடுப்பவர், அடுத்த சில வருடங்களுக்குக் கமராவை மாற்றப் போவதில்லை என்றால் நேராக எல் பிரக்கெட்டுக்கே போகலாம். நடுவில் ஒரு பொதுப் பிளேட் வாங்குவது வீண் செலவு. வருகிற வருடம் கமராவை மாற்ற எண்ணம் இருந்தால் இப்போது பொதுப் பிளேட்டோடு சமாளியுங்கள், புதுக் கமரா வந்ததும் அதற்கான பிரக்கெட்டை வாங்குங்கள்.

கைப்பேசியில் எடுப்பவர்கள் அடியில் ஆர்க்கா வெட்டுள்ள கைப்பேசிப் பிடியாகப் பார்த்து எடுத்தால், பின்னால் கமரா வாங்கும்போது ட்ரைபொட்டில் எதையும் மாற்ற வேண்டாம்.

## பார்சல் கைக்கு வந்ததும்

பிளேட்டை மாட்டிப் பார்க்கும் முன் பற்றரி மூடி திறக்கிறதா என்று பாருங்கள். திருகாணியைக் கையால் மட்டும் சுழற்றிப் பாருங்கள், கடைசிவரை மென்மையாகப் போக வேண்டும். இறுக்கிய பிறகு கமராவை ஒரு கையிலும் பிளேட்டை மறு கையிலும் பிடித்துத் திருப்பிப் பாருங்கள். மெல்லத் திருப்பினாலே அசைந்தால் அதைத் திருப்பி அனுப்பும் வழியைப் பாருங்கள்.

பூட்டுவதற்குப் பெரும்பாலும் 4 மில்லிமீற்றர் எலன் கீ, அதாவது அறுகோணச் சாவி, வேண்டும். சில அமெரிக்கக் கம்பனிகளுக்கு 5/32 அங்குலம், ஆனால் அதுவும் 3.97 மில்லிமீற்றர்தான் என்பதால் அநேகமாக ஒரே கீ இரண்டுக்கும் பொருந்திவிடும். ஹாட்வெயார் கடையில் தனியாகக் கிடைக்கும். சைக்கிளுக்கான மடக்குக் கருவியிலும் இருக்கும். கமராப் பையில் ஒன்று, வீட்டில் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். பயணத்துக்கு, நாணயத்தாலும் திருப்பக்கூடிய வெட்டுள்ள திருகாணி இன்னும் நல்லது.

திருகாணி தொலைந்தால் மிகுந்த கவனம் தேவை. ஹாட்வெயார் கடையில் “ட்ரைபொட்டுக்கு ஆணி” என்று கேட்டால் எம் 6 திருகாணியை எடுத்துத் தந்துவிடக்கூடும். அதன் விட்டம் 6 மில்லிமீற்றர், கமராவுக்கு வேண்டியது 6.35. கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். புரி இடைவெளி ஒன்றில் 1 மில்லிமீற்றர், மற்றதில் 1.27. உள்ளே சில சுற்றுப் போகும், பிறகு இறுகும், அந்த இறுக்கம் கமராவின் புரியைத் தின்பதால் வருவது. நீளமும் பழைய ஆணியை விடக் கூடக்கூடாது. நீண்ட திருகாணி கமராவின் அடிக்குள் போய் அழுத்தும். தெரியாத ஆணியைக் கமராவில் போட்டுப் பார்க்க வேண்டாம். வீட்டில் கிடக்கும் வேறொரு ட்ரைபொட் சாமானின் கால் அங்குலச் சுரையில் முதலில் போட்டுப் பாருங்கள்.

மழைக்காலம் முடிந்ததும் பிளேட்டை ஒருமுறை கழற்றி, ரப்பருக்கு அடியில் சேர்ந்த மணலையும் ஈரத்தையும் துடைத்துவிடுங்கள். அலுமினியம் தாங்கும், இரும்புத் திருகாணி துருப்பிடிக்கும். துருப்பிடித்துச் சிக்கிய திருகாணியைக் கமராவிலிருந்து எடுக்கும் செலவு, மேலே சொன்ன எந்தப் பிளேட்டின் விலையையும் விடக் கூட வரலாம்.